மின்னஞ்சலின் பொருள் வரி: தமிழ்த் தொடரமைப்பு நோக்கில் ஒரு விளக்கம்

வணிகர் தம் சரக்கின் வரவையும் விலையையும் வாடிக்கையாளர்க்கு மின்னஞ்சல் வாயிலாக அறிவிக்கும் வழக்கம் இன்று சிற்றூர்களிலும் பரவியுள்ளது. அஞ்சலின் உள்ளே எத்துணை நயம்பட எழுதியிருப்பினும், பெறுவோர் முதற்கண் காண்பவை அனுப்புநர் பெயரும் பொருள் வரியுமே ஆகும். அவற்றைக் கண்ட அளவிலேயே அஞ்சலைத் திறப்பதா நீக்குவதா என அவர் முடிவு செய்கின்றார். பொருள் வரி எழுதும் முறை பற்றி ஆங்கிலத்தில் அறிவுரைகள் பல உள. அவற்றை அவ்வாறே பெயர்த்துத் தமிழில் எழுதுவோர் இடர்ப்படுகின்றனர். அவ்விடர்க்குக் காரணம் தமிழின் குறைபாடு அன்று. தமிழ்த் தொடரின் இயல்பை நோக்காமையே என்பதனை இக்கட்டுரை விளக்க முயல்கின்றது.

பொருள் வரியின் வரலாறு நெடியது அன்று. கணினிவழி அஞ்சலுக்குத் தலைப்பு உறுப்புக்களை வரையறுத்த முதல் ஆவணங்களுள் ஒன்று 1973-இல் வெளிவந்தது. அதனை எழுதிய நால்வருள் இந்தியரான அபய் பூஷணும் ஒருவர். அனுப்புநர், நாள், பொருள் என்னும் மூன்றும் அதன்கண் இடம்பெற்றன. ஐந்தாண்டு கழித்து, 1978 மே மாதத்தில், அமெரிக்கக் கணினி நிறுவனம் ஒன்றின் விற்பனை அலுவலர் ஏறத்தாழ 400 பேர்க்கு ஒரே விளம்பர அஞ்சலை அனுப்பினார். கேளாது வந்த அவ்வஞ்சலைப் பெற்றோர் பலர் சினந்தனர். வணிக அஞ்சல் பிறந்த பொழுதே அதன்மீது ஐயமும் உடன்பிறந்தது என்பது இதனால் அறியப்படும்.

தமிழ்நாட்டில் பொருள் வரி என்பது மின்னஞ்சலோடு வந்த புதுமை அன்று. தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956-இல் இயற்றப்பட்டது. அதன்பின் அரசு அலுவலகங்களில் தமிழ்க் கடிதம் பெருகவே, 'பொருள்', 'பார்வை' என்னும் இரு வரிகளும் கடிதத்தின் நிலையான உறுப்புக்களாயின. திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூர் வட்டத்தில், நெசவினாலும் சுங்குடிச் சேலையினாலும் பெயர்பெற்ற சின்னாளபட்டி உள்ளது. அவ்வூர்க் கைத்தறிச் சங்கம் ஒன்று தன் தீபாவளி விற்பனையை அலுவலக முறையில் அறிவிப்பதாகக் கொள்வோம். அதன் பொருள் வரி பின்வருமாறு அமையும்:

'கைத்தறி – திண்டுக்கல் மாவட்டம் – ஆத்தூர் வட்டம் – சின்னாளபட்டி – சுங்குடிச் சேலைகள் – தீபாவளி விற்பனை – தள்ளுபடி அளித்தல் – தொடர்பாக.'

கோப்பில் இதனினும் சிறந்த வரி இல்லை. பெரும்பிரிவினின்று சிறுபிரிவிற்குச் செல்லும் இம்முறை, கோப்பினைப் பின்னர் தேடி எடுப்பார்க்குப் பெரிதும் உதவும். ஆயின் வாடிக்கையாளர் கைப்பேசியில் வரியின் முற்பகுதி மட்டுமே புலனாகும். எஞ்சியது வெட்டுண்டு மறையும். அவர் காண்பது துறையும் மாவட்டமும் வட்டமுமே. சேலையும் தள்ளுபடியும் மறைந்துவிடும். எனவே அலுவலக வரியின் வரிசை விற்பனை அஞ்சலுக்குப் பொருந்தாது.

முழுத் தொடராக எழுதினால் இக்குறை நீங்குமோ எனின், நீங்காது. வேறொரு குறை தோன்றும். தமிழில் வினைமுற்றுத் தொடரின் இறுதியில் நிற்பது. காலமும் எதிர்மறையும் அவ்வினையிலேயே அடங்கும். 'சுங்குடிச் சேலைகளுக்கான தீபாவளித் தள்ளுபடி அக்டோபர் 15-க்குப் பின் நீட்டிக்கப்படமாட்டாது' என்னும் வரி 'நீட்டிக்கப்பட' என்ற இடத்தில் வெட்டுண்டால், வாடிக்கையாளர் எதிர்மாறான பொருளையே கொள்வார். ஆங்கிலத் தொடரில் வினையும் மறுப்பும் முன்னரே வந்துவிடுதலால் வால் மறையினும் கருத்துப் பெரும்பாலும் மாறுவதில்லை. ஆங்கில அறிவுரையைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் பயன்படாமைக்கு இவ்வேறுபாடே தலையாய காரணம்.

இதற்குரிய மருந்தும் தமிழிலேயே உண்டு. வினைப்பயனிலையை விடுத்துப் பெயர்ப்பயனிலை கொண்டு முடித்தல் முதல் வழி. 'தள்ளுபடிக்கு அக்டோபர் 15 கடைசி நாள்' என்னும்போது எதிர்மறை தேவைப்படவில்லை, வினையும் தேவைப்படவில்லை. நாளிதழ்த் தலைப்புக்கள் 'திறப்பு', 'உயர்வு', 'அறிவிப்பு' எனத் தொழிற்பெயரால் முடிவதும் இதுபற்றியே. இரண்டாம் வழி, வேற்றுமை உருபு தரும் உரிமையைப் பயன்கொள்ளுதல். உருபேற்ற சொற்களைத் தமிழில் பொருள் கெடாமல் இடம் மாற்றலாம். ஆதலின் வாங்குவார்க்கு முதன்மையானதை முன்னே வைத்தல் எளிது. மூன்றாம் வழி, தொகையாகச் சுருக்குதல். 'சுங்குடியால் ஆகிய சேலைகளுக்கான தள்ளுபடி' என்பது 'சுங்குடிச் சேலைத் தள்ளுபடி' எனச் சுருங்கும். இம்மூன்றும் கூடிய வரி இவ்வாறு அமையும்: 'சுங்குடிச் சேலைத் தள்ளுபடி: அக்டோபர் 15 கடைசி நாள்.' இதன் வால் வெட்டுண்டாலும் எஞ்சிய பகுதி பொய்யுரையாது. வெட்டினும் பொய்யாகாமையே தமிழ்ப் பொருள் வரிக்கு உரைகல் என்று கொள்ளலாம்.

மேற்கூறிய வரியில் ஊர்ப்பெயர் இல்லாமை காண்க. அனுப்புநர் பெயரிலேயே 'சின்னாளபட்டி' இருப்பின் பொருள் வரியில் அதனை மீண்டும் எழுதுதல் கூறியது கூறலாம். ஊர்ப்பெயர் எழுதவேண்டிய இடத்தும் எச்சரிக்கை வேண்டும். ஆத்தூர் என்னும் பெயருடைய ஊர் சேலம் மாவட்டத்திலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் உண்டு. தூத்துக்குடி ஆத்தூர் வெற்றிலை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. திண்டுக்கல் ஆத்தூர் வணிகர் ஒருவர் வாளா 'ஆத்தூர்ச் சரக்கு' என்று எழுதின், தொலைவில் உள்ளார் வேறோர் ஊரையே கருதுவர். இது நன்னூல் குறிக்கும் மயங்கவைத்தல் என்னும் குற்றத்தின்பாற் படும்.

எழுத்தெண்ணிக்கை பற்றியும் ஒன்று கூறவேண்டும். 'சின்னாளபட்டி' என்பது தமிழ் முறையில் 7 எழுத்து. கணினியோ மெய்யின் புள்ளியையும் உயிர்மெய்யின் குறியையும் தனித்தனியே எண்ணும். அதன் கணக்கில் அச்சொல் 12 குறிகள் ஆகும். ஆதலின் ஆங்கிலத்திற்கெனக் கூறப்படும் எழுத்தளவுகள் தமிழுக்குப் பொருந்தா. எழுதிய வரியைத் தன் கைப்பேசிக்கே முதலில் அனுப்பிப் பார்த்தலே ஏற்ற அளவை.

வாடிக்கையாளர் பெயரைப் பொறி தானே வரியில் இட்டு நிரப்பும் வசதி இன்று உண்டு. ஆங்கிலத்தில் பெயர் திரிவதில்லை. தமிழிலோ உருபு ஏற்கும் போது பெயர் சாரியை பெறும். பெயரின்பின் 'க்கு' என்று மட்டும் சேர்க்குமாறு பொறியைப் பணித்தால் 'முருகன்க்கு', 'மாலாக்கு' என்னும் வழுச்சொற்கள் தோன்றும். 'முருகன் அவர்களுக்கு', 'மாலா அவர்களுக்கு' என எழுதின் உருபினை 'அவர்கள்' என்னும் சொல்லே ஏற்கும், பெயர் திரியாது. முதியோர்க்குக் காட்டவேண்டிய மதிப்பும் உடன் அமையும். மரபுச் சொல் ஒன்றே பொறியின் இடரைத் தீர்த்தல் ஈண்டு நோக்கத்தக்கது.

இனி, வாய்மை பற்றிய செய்தி. 'தவறவிடாதீர்! அரிய வாய்ப்பு!' என்றாற் போன்ற வரி, திறக்கத் தூண்டினும் யாதொன்றும் அறிவிப்பதில்லை. நின்று பயனின்மை என்னும் குற்றம் அது. 'இன்றே கடைசி நாள்' என்று வாரந்தோறும் எழுதுதல் அதனினும் தீது. மயக்கும் பொருள் வரியை அமெரிக்க நாடு 2003-இல் சட்டத்தால் தடுத்தது. இந்தியாவில் 2023 நவம்பரில் வெளியான நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டு நெறிகள், பொய்யான அவசரத்தை உண்டாக்குதலை விலக்கத்தக்க ஏமாற்று முறைகளுள் ஒன்றாக வைத்தன. மேலும், வேண்டா அஞ்சல் என முறையிடுவோர் விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டலாகாது என்பது 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் வகுத்த விதி. ஏமாந்த வாடிக்கையாளர் அழுத்தும் ஒரு பொத்தான் அவரை மட்டும் இழக்கச் செய்வதன்று. அச்சங்கத்தின் மெய்யான அறிவிப்பும் பிறரைச் சென்றடையாதவாறு அது தடுக்கக்கூடும். நெசவாளர் பல நாள் உழைத்து நெய்த சேலை, ஒரு பொய் வரியால் விலைபோகாது கிடத்தல் கூடும்.

வரி பயன்தந்ததா என்று அறியும் முறையும் உண்டு. முகவரிகளை இரு கூறாக்கி, ஒரே நாளில் ஒரே வேளையில் இரு வேறு வரிகளை அனுப்பி ஒப்பிடலாம். எனினும் திறந்தோர் தொகையை மட்டும் நம்புதல் பிழையாம். ஆப்பிள் நிறுவனத்தின் அஞ்சல் செயலி 2021 முதல், தனிமறைவு காக்க விரும்புவார்க்கு அஞ்சலில் உள்ள படங்களைத் தானே முன்னதாகப் பெறுகின்றது. அதனால் திறவாத அஞ்சலும் திறந்ததாகக் கணக்கில் ஏறும். வந்த கேட்புக்களையும் விற்ற சேலைகளையும் எண்ணுதலே தக்கது. முகவரிகள் சிலவே ஆயின் ஒருமுறை கண்ட வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். பன்முறை செய்து பார்த்தே துணிதல் வேண்டும்.

பவணந்தியார் நூலுக்கு வகுத்த குற்றங்களும், சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல் முதலிய அழகுகளும் இவ்வொற்றை வரிக்கும் பொருந்துதலைக் கண்டோம். பொருள் வரி ஒரு வாக்கு. அஞ்சலின் உள்ளுரை அவ்வாக்கைக் காத்தல் வேண்டும். முதன்மையானது முன் நிற்க, பெயரால் முடிந்து, வெட்டினும் பொய்யாகாத வரியை எழுதுவார்க்குத் தமிழ் இலக்கணம் தடையாவதில்லை, துணையே ஆகும்.