தட்டுவதா, வெட்டுவதா?



நாம் பாடம் நடத்தும் தோட்டப் பள்ளியில் ஒரு நாள், ஆங்கில வாக்கியம் ஒன்றைத் தமிழில் பெயர்க்கச் சொன்னோம். தாய் ஒருத்தி ரப்பர் மரத்தை ‘டேப்’ செய்கிறாள் என்பது வாக்கியம். அகராதியைப் புரட்டிய மாணவன் ஒருவன், “அம்மா ரப்பர் மரத்தைத் தட்டுகிறாள்” என்று எழுதி வந்தான். விடியுமுன் கத்தியெடுத்துப் பால் வெட்டப் போகும் தாயின் மகன் அவன்! வீட்டில் அறிந்ததை விட்டு, ஏட்டில் முதலில் கண்டதை நம்பிவிட்டான்.

பிழை எங்கே நேர்ந்தது? ஆங்கிலத்தில் ‘டேப்’ என்று ஒலிக்கும் வினைகள் இரண்டு உண்டு. ஒன்று, மெல்லத் தட்டுதல். மற்றது, பீப்பாயின் அடைப்பைத் திறந்து உள்ளிருப்பதை வடியவிடுதல். நம் ‘மாலை’ என்னும் சொல் பூவுக்கும் பொழுதுக்கும் வருகிறதல்லவா? அதுபோல உருவம் ஒன்று, பிறப்பு வேறு.

இதே சொல்லைப் போர்த்துகீசிய மொழியில் பெயர்த்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ஏன் அந்த மொழி என்பீர்கள். ரப்பர் மரத்தின் தாயகமான பிரேசில் நாட்டு மொழி அதுதான். 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர், ஏறக்குறைய 70,000 விதைகளை அங்கிருந்து இலண்டனுக்குக் கொண்டு சென்றார். அவற்றில் முளைத்த கன்றுகள் சில 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. மரம் வந்தது, அங்குள்ளோர் அதனோடு வழங்கிய சொற்கள் வரவில்லை.

கதவைத் தட்டுவதற்குப் பிரேசில் மக்கள் ‘பத்தேர்’ என்பார்கள். அடித்தல், தட்டுதல் என்பது பொருள். தொலைபேசியை ஒட்டுக் கேட்பதையும் ஆங்கிலேயர் ‘டேப்’ என்றே சொல்வர். அங்கே அதற்கு ‘க்ராம்பியார்’ என்று பெயர்; கவ்விப் பிடிக்கும் கிளிப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ரப்பர் மரத்துக்கோ ‘சங்க்ரார்’ என்பார்கள். இரத்தம் வடியச் செய்தல் என்பது அதன் நேர்ப்பொருள். ரப்பர்க் காட்டுத் தொழிலாளர் பேச்சில் ‘கொர்த்தார்’ என்ற சொல்லும் உண்டு. அதன் பொருள் என்ன தெரியுமா? வெட்டுதல்!

நாமும் ‘பால் வெட்டு’ என்கிறோம். மலாய்க்காரர் பேச்சிலும் ‘பொத்தோங் கெத்தா’ என்பது பால் வெட்டுவதே. மூன்று மக்களும் ஒரே சொல்லைத் தேர்ந்தது எதனால்? மூவரும் கையில் கத்தி பிடித்தவர்கள். பட்டையைச் சீவி, உள்மரத்தில் காயம் படாமல் பாலை வடிக்கும் கை எதைச் செய்கிறதோ, அதையே வாய் சொன்னது.

ஆகவே, பிள்ளைகள் அகராதியில் முதற்பொருளைக் கண்டதும் நின்றுவிடக் கூடாது. யார் செய்கிறார், எதைச் செய்கிறார், எதைக் கொண்டு செய்கிறார் என்ற மூன்றையும் கேட்க வேண்டும். பிறகே தமிழில் எழுத வேண்டும்.

பெற்றோர்களே, ‘எங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே’ என்று ஒதுங்கிவிடாதீர்கள். அந்த மாணவனிடம், “உன் அம்மா காலையில் என்ன செய்யப் போகிறார்?” என்று மட்டுமே கேட்டோம். நாணத்தோடு சிரித்துக்கொண்டே, ‘தட்டுகிறாள்’ என்பதை அடித்துவிட்டு, “பால் வெட்டுகிறார்” என்று எழுதினான். அகராதியில் கிடைக்காத சரியான சொல் அவன் வீட்டில் இருந்தது. அதைத் தந்தவர் பள்ளி வாசலை மிதித்தறியாத தாய். இன்றிரவு உங்கள் பிள்ளை புத்தகத்தோடு அமரும்போது, நீங்களும் அருகில் அமருங்கள்.