உத்தரத்தின் உள்ளே

பொறியியல் மாணவனாக நான் எழுதிய முதலாவது பொருள்வலிமைப் பரீட்சையின் விடைத்தாள் திரும்பி வந்தபோது, அதில் ஒரு வினாவுக்குப் புள்ளி இடப்பட்டிருக்கவில்லை. உத்தரம் ஒன்று எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பது வினா. இரண்டு பக்கம் நிறைய நான் எழுதியிருந்த விடையின் ஓரத்திலே, சிவப்பு மையினால், 1638 என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது. அது புள்ளியாயிருத்தல் இயலாது; பக்க எண்ணுமன்று. கணக்கை முதலிலிருந்து மீண்டும் செய்து பார்த்தேன். அந்த எண் எங்குமே தலைகாட்டவில்லை.

விரிவுரையாளரிடம் சென்று கேட்பதற்கு இரண்டு நாளாகத் துணிவு வரவில்லை. யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, கணிதமும் பௌதிகமும் தமிழிலே கற்று வந்தவன் நான். ஊரிலே தமிழ்ப் பெயரோடு பழகியவை இங்கே ஆங்கில உடை தரித்து நின்றன. விரிவுரை முடிந்து அறைக்கு வந்தபின், ஒவ்வொரு சொல்லையும் தமிழாக்கிப் பார்த்தாலன்றி எனக்கு உறக்கம் வராது. அப்படிப் பார்க்கையிலேதான் நம் கலைச்சொல்லாளர் செய்துவைத்த வேலையின் நயம் எனக்குப் புலப்பட்டது.

தகைப்பு என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தகைதல் என்றால் தடுத்தல். கம்பியொன்றை இரு முனையிலும் பற்றி இழுக்கும்போது, அதன் ஒவ்வொரு குறுக்குவெட்டு முகமும் பிரிந்துபோகாமல் தடுத்து நிற்கிறது. அத்தடுப்பு ஒரு சதுர மில்லிமீற்றருக்கு எவ்வளவு என்பதே தகைப்பு. சுமை வெளியே இருப்பது. தகைப்பு உள்ளே எழுவது. இந்த வேறுபாடு விளங்காமல் ஓராண்டு முழுவதும் சூத்திரம் மனனஞ் செய்தவர்களை நான் அறிவேன். விகாரம் என்ற சொல்லோ நேரே இலக்கண வகுப்பிலிருந்து வந்தது. செய்யுள் விகாரங்களிலே நீட்டலும் குறுக்கலும் உண்டல்லவா? உருக்குக் கம்பிக்கும் அவ்விரண்டுமே உண்டு. ஓசை கருதிப் புலவன் சொல்லை நீட்டுகிறான்; சுமை ஏற்றிப் பொறியியலாளன் கம்பியை நீட்டுகிறான். எங்கள் ஊர்ப் பண்டிதர் ஒருவரிடம் விடுமுறையில் இதைச் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்து, 'அப்படியானால் தொகுத்தலும் விரித்தலும் எங்கே?' என்று கேட்டார். அதற்கு இன்னும் என்னிடம் விடையில்லை.

கம்பி எவ்வளவு நீளும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 10 மில்லிமீற்றர் விட்டமுள்ள மென்னுருக்குக் கம்பியின் குறுக்குவெட்டு ஏறத்தாழ 78.5 சதுர மில்லிமீற்றர். சாதாரண மென்னுருக்கு சதுர மில்லிமீற்றருக்கு 250 நியூற்றன் அளவில் இளகத் தொடங்கும். ஆகவே அக்கம்பி ஏறக்குறைய இரண்டு தொன் எடையை அதுவரை தாங்கும். அந்நிலையில் ஒரு மீற்றர் நீளக் கம்பி நீண்டிருப்பதோ 1.25 மில்லிமீற்றர் மட்டுமே. சுமையை எடுத்துவிட்டால் அதுவும் மறைந்து, கம்பி பழைய நீளத்துக்கே மீண்டுவிடும். இவ்வளவு பெரிய பாரம், இவ்வளவு சிறிய அசைவு! கண்ணுக்குத் தெரியாத இந்த நீட்சியின்மீதுதான் இயல் முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது. நீட்சி விசைக்கு விகிதசமம் என்று கண்ட றொபேட் ஊக், 1676இல் அதனை வெளிப்படச் சொல்ல மனமின்றி, இலத்தீன் வாக்கியத்தின் எழுத்துகளை அகரவரிசையிற் கலைத்து அச்சிட்டார். இரண்டாண்டு கழித்தே விடையை அவிழ்த்தார். பிறர் தன் கண்டுபிடிப்பைக் கவர்ந்துவிடுவர் என்ற அச்சம் அவருக்கு.

பாடசாலையிலே நிலையியல் கற்ற மாணவனுக்கு உலகத்துப் பொருள்கள் யாவும் விறைத்த பொருள்கள். அவை வளையா, நீளா, முறியா. விசைகளை வெளியே வரைந்து சமன் செய்தால் கணக்கு முடிந்துவிடும். பொருள்வலிமையிலே முதன்முதலாக ஒரு கத்தியைக் கையில் எடுக்கச் சொல்கிறார்கள். மனத்திலே பொருளை வெட்டு. வெட்டிய முகத்திலே என்னென்ன விசைகள் இருந்திருக்கவேண்டும் என்று கேள். எஞ்சிய துண்டு விழாமல் நிற்பதற்கு வேண்டியவற்றைக் கணி. வித்தை இவ்வளவே. ஆனால் எங்கே வெட்டுவது என்பதிலேதான் மாணவர் தடுமாறுவர்.

எனக்கு அது விளங்கியது எங்கள் வீட்டுக் கிணற்றுத் துலாவை நினைத்தபோதுதான். துலாவின் நுனியிலே நீர் நிறைந்த பட்டை தொங்குகிறது. நுனிக்கு அண்மையில் வெட்டிப் பார்த்தால், சுமை அதே சுமையாயினும் தூரம் குறைவு. ஆதலால் வளைக்கும் திருப்பம் சிறிது. ஆடுகாலை நோக்கி வரவரத் தூரம் கூடுகிறது, திருப்பமும் கூடுகிறது. ஆடுகாலில் தாங்குமிடத்தைத் தாண்டி மறுபுறம் போனால், அது மீண்டும் குறைந்துகொண்டே செல்கிறது. துலா முறிவதாயின் நடுவிலே, தாங்குமிடத்திலேதான் முறியும் என்று மிதிப்பவர் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் காலால் அறிந்ததைத்தான் நான் வரைதாளிலே கோடாக வரைந்துகொண்டிருந்தேன்.

திருப்பம் தெரிந்தால் போதாது. அத்திருப்பத்தை உத்தரத்தின் முகம் எவ்வாறு தாங்குகிறது என்பதே வினாவின் உயிர். அங்கேதான் நான் வழுக்கினேன்.

மூன்றாம் நாள் துணிந்து சென்றேன். விரிவுரையாளர் ஒன்றும் பேசாமல் அலுமாரியிலிருந்து ஒரு தடித்த நூலை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். இடிந்த சுவரொன்றிலிருந்து ஓர் உத்தரம் நீண்டிருக்கிறது. அதன் முனையிலே கொளுக்கியில் ஒரு பெருங் கல் தொங்குகிறது. சுவரிலே செடிகொடிகள் முளைத்திருக்கின்றன. கலிலியோவின் 'இரு புதிய அறிவியல்கள்' என்ற நூலிலுள்ள படம் அது. 1638ஆம் ஆண்டு ஒல்லாந்து தேசத்து லெய்டன் நகரில் அச்சானது. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் என்று சொன்னால் நமக்குக் காலம் விளங்கும். திருச்சபையின் தண்டனையினால் வீட்டுக் காவலில் இருந்த கலிலியோ, இத்தாலியில் அச்சிட வழியின்றி அந்நூலை வெளிநாட்டுக்கு அனுப்பினார். அது அச்சாகி அவர் கைக்கு வந்தபோது அவர் பார்வையை முற்றாக இழந்திருந்தார். அந்தப் படத்தை அச்சிலே அவர் கண்டதில்லை.

"நீர் முந்நூறு வருடம் பிந்தி வந்திருக்கிறீர், ஆனால் நல்ல இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்" என்றார் விரிவுரையாளர்.

கலிலியோ நினைத்தது இது: உத்தரம் முறியும்போது சுவரின் கீழ் விளிம்பு ஒரு நெம்புகோலின் சுழலிடம் போலாகிறது. முகத்திலுள்ள நார்கள் யாவும் மேலிருந்து கீழ்வரை ஒரேயளவு இழுபட்டு எதிர்க்கின்றன. நானும் எழுத்துக்கு எழுத்து அவ்வாறே எழுதியிருந்தேன். பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் வளையும் உத்தரத்தின் மேற்பாகம் நீளும்போது கீழ்ப்பாகம் குறுகுகிறது. இரண்டுக்கும் இடையே நீளாமலும் குறுகாமலும் ஒரு படை இருந்தே தீரவேண்டும். அந்த நடுநிலைப் படையிலிருந்து தூரம் கூடக்கூடத் தகைப்பும் கூடுகிறது. விளிம்பிலுள்ள நார்தான் முழுப் பாரத்தையும் உணர்கிறது, நடுவிலுள்ளது சும்மா இருக்கிறது. இதன்படி கணித்தால், நாற்பக்க முகமுள்ள உத்தரம் ஒன்றின் தாங்குதிறன் கலிலியோ சொன்னதில் மூன்றிலொரு பங்கே. என் விடையை நம்பி ஒருவர் மாடி கட்டியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணி அன்று என் உள்ளங்கை வியர்த்தது.

வியப்பு என்னவென்றால், கலிலியோவின் முடிவுகளிற் பெரும்பாலானவை சரியே. அகலம் இருமடங்கானால் வலிமை இருமடங்கு. ஆழம் இருமடங்கானால் வலிமை நான்கு மடங்கு. நாணலும் பறவையின் எலும்பும் உள்ளே குழலாயிருப்பதனால், அதே அளவு பொருளைத் திண்மமாக வைத்ததிலும் வலியன என்றும் அவர் கண்டார். விகிதங்கள் யாவும் சரியாயிருந்தமையால் அளவிலிருந்த பிழை மறைந்து கிடந்தது. மரியொத், பறென்ற், கூலோம் என்று ஒருவர்பின் ஒருவராக அதனைத் திருத்தினர். 1826இல் பிரான்சிலே நவியே தம் விரிவுரைகளை நூலாக்கியபோதுதான் மாணவன் கையில் அது ஒழுங்கான பாடமாயிற்று. இடையிலே கழிந்தவை 188 ஆண்டுகள்.

இத்தனை ஆண்டும் தச்சர்கள் காத்திருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு அங்குல அகலமும் ஆறு அங்குல ஆழமுமுள்ள மரத்தைப் படுக்க வைப்பதிலும் நிமிர்த்தி வைத்தால் மூன்று மடங்கு வலிமை, ஒன்பது மடங்கு விறைப்பு. கூரைக்குச் சிலாகை இடும் எங்கள் ஊர் ஆசாரியார் எவரும் அதைப் படுக்க வைத்து நான் கண்டதில்லை. பனையைக் கேட்டாலோ அது இன்னும் தெளிவாகச் சொல்லும். மற்ற மரங்களுக்கு வைரம் நடுவிலே. பனைக்கு வைரம் வெளியிலே, சோற்றி நடுவிலே. புயலிலே வளைந்தாடும் மரத்துக்கு எந்த இடத்தில் வலிமை வேண்டுமோ, அந்த இடத்திலேயே அது இருக்கிறது. பேராதனையில் மகாவலிக்கு மேலே 1830களில் முதிரை மரத்தாலே ஒரே வில்லாக 205 அடி அகலத்துக்குப் பாலம் அமைத்தவர்களும், நவியேயின் சூத்திரத்தை மாணவர் மனனஞ் செய்யத் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள்ளேயே அதைச் செய்துவிட்டனர்.

ஆனால் அனுபவம் கைவிடும் இடமும் உண்டு. அதையும் கலிலியோவே கதையாகச் சொல்கிறார். பெரிய சலவைக்கல் தூணொன்றை இரு முனையிலும் தாங்கல் கொடுத்துக் கிடத்தியிருந்தார்களாம். நடுவிலே முறிந்துவிடக்கூடும் என்று அஞ்சிய வினைஞன் ஒருவன், நடுவிலும் ஒரு தாங்கல் வைக்கச் சொன்னான். எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. சில மாதங்களில் தூண் முறிந்தது, புதிய தாங்கலுக்கு நேர்மேலே! முனைத் தாங்கல்களில் ஒன்று உக்கித் தாழ்ந்துபோக, நடுத் தாங்கல் உறுதியாய் நின்றமையால், தூணின் ஒரு பாதி அந்தரத்தில் நீண்டு தன் பாரத்தாலே முறிந்தது. இரண்டு தாங்கல் மட்டும் இருந்திருந்தால், ஒன்று தாழும்போது தூணும் கூடவே தாழ்ந்திருக்கும். உதவியாய் வைத்ததே வினையாயிற்று. இரண்டு தாங்கல் உள்ள கணக்கைச் சமநிலைச் சமன்பாடுகளே தீர்த்துவிடும். மூன்று வைத்தால் அவை போதா. பொருள் எவ்வளவு வளையும், தாங்கல் எவ்வளவு தாழும் என்பதும் தெரிந்தாக வேண்டும். விறைத்த பொருளின் உலகம் அந்த மூன்றாவது தாங்கலோடு முடிவடைகிறது. அக்கதையை விரிவுரையாளர் சொல்லக் கேட்ட மாலையிலேதான், நான் பொறியியல் படிக்கிறேன் என்ற உணர்வு எனக்கு முதன்முதலாக உண்டாயிற்று.

அறையை விட்டு எழுந்தபோது அவர் கரும்பலகையடியிலிருந்து ஒரு வெண்கட்டியை எடுத்து என்னிடம் தந்து, முறுக்கி முறிக்கச் சொன்னார். முறித்தேன். குறுக்கே நேராக முறியும் என்று எதிர்பார்த்தேன். அதுவோ சாய்வாக, ஒரு சுருள் போல, ஏறக்குறைய 45 பாகையில் முறிந்தது. 'ஏன்?' என்று கேட்டுவிட்டு அவர் தம் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். முறுக்கும்போது இழுவை அச்சாய்வுக்குச் செங்குத்தாகவே உச்சம் அடைகிறது என்பதும், வெண்கட்டி இழுவைக்கே ஆற்றாதது என்பதும் எனக்குத் தெரிய இன்னும் ஐந்து வாரம் சென்றது. அதுவரை அவ்விரு துண்டுகளும் என் மேசையிலே கிடந்தன.

பின்னர் நானும் அப்பாடத்தைப் பல ஆண்டுகள் கற்பித்தேன். ஆண்டுதோறும் இரண்டு மூன்று விடைத்தாள்களிலே, கீழ் விளிம்பைச் சுழலிடமாகக் கொண்ட அதே உத்தரம் வரும். நானும் ஓரத்திலே சிவப்பு மையினால் அந்த நான்கு இலக்கங்களை எழுதிவிடுவேன். சிலர் மறுநாளே வந்து கதவைத் தட்டுவர். பலர் வருவதில்லை. ஒரு மாணவி மட்டும் விடைத்தாளின் அதே ஓரத்தில், என் எண்ணுக்குக் கீழே, பென்சிலால் 1826 என்று எழுதி, திருத்திய கணக்கோடு மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.