இயற்கைச் சான்றும் மனச்சான்றும்

கடவுள் உண்மைக்குக் கிறித்தவச் சிந்தனையாளர் காட்டும் சான்றுகளுள் இரண்டு பெரிதும் பேசப்படுவன. ஒன்று புறத்தே விளங்கும் இயற்கை; மற்றொன்று அகத்தே ஒலிக்கும் மனச்சான்று. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து எண்ணும் வழக்கம் மிகப் பழையது. 19ஆம் சங்கீதம் வானத்தின் மாட்சியைப் பாடித் தொடங்கி, இடையே இறைவன் வகுத்த சட்டத்தின் மாட்சிக்குத் திரும்புகின்றது. பவுல் உரோமையர்க்கு வரைந்த திருமுகத்தின் முதல் இயல் (1:20) படைப்பினின்று படைத்தோனை அறிதலைக் கூற, அடுத்த இயல் (2:15) நூல்வழிச் சட்டம் பெறாதார் உள்ளத்தும் அறம் எழுதப்பட்டிருத்தலைக் கூறும். இங்ஙனம் அடுத்தடுத்து வைக்கப்பட்டமையின், இரண்டும் ஒரே தன்மையுடைய சான்றுகள் எனக் கருதுவாரும் உளர். அது பொருந்தாது என்பதே யாம் ஈண்டுக் கூற விழைவது.

13ஆம் நூற்றாண்டில் தாமசு அக்குவினாசு வகுத்த ஐந்து வழிகளும் உலகப் பொருள்களினின்றே தொடங்குவன. மனச்சான்றைப் பற்றி அவர் அதே நூலிற் பேசுகின்றார். ஆயினும் அறிந்ததைச் செயலிற் பொருத்திப் பார்க்கும் அறிவு என்ற அளவில் வேறோர் இடத்திற் பேசுகின்றாரேயன்றி, கடவுளுண்மைக்கு ஆறாவது வழியாக அதனை வைத்தாரல்லர். 1802இல் வில்லியம் பேலி வெளியிட்ட 'இயற்கை இறையியல்' உலகறிந்தது. வெளியிற் கிடக்கும் கடிகாரத்தைக் கண்டவன் அதனைச் செய்தான் ஒருவன் உளன் எனத் துணிவதுபோல, கண் முதலிய உறுப்புகளின் அமைதி கண்டு படைத்தோனைத் துணியலாம் என்பது அவர் வாதம். நம் அளவை நூலார் மொழியில் இது கருதலளவை. புகை கண்டு நெருப்புண்மை துணிதல் போல்வது. ஆனால் புகையும் நெருப்பும் உடனிகழ்தலை அடுக்களையிற் பலகால் கண்டுளோம். உலகங்கள் செய்யப்படுதலைக் கண்டார் யார்? 1779இல் வெளிவந்த தம் உரையாடல்களில் டேவிட் ஹியூம் எழுப்பிய தடை ஏறத்தாழ இதுவே. பின்னர் 1859இல் டார்வின், உறுப்புகளின் பொருத்தத்திற்கு இயற்கைத் தேர்வு என்னும் வேறொரு காரணம் காட்டியபின் பேலியின் வாதம் பெரிதும் தளர்ந்தது.

வியப்பு யாதெனின், இத்தளர்ச்சிக்கு முன்னரே கிறித்தவர் ஒருவர் இவ்வழியை ஐயுற்றமையாம். ஜான் ஹென்றி நியூமன் 1855இல் ஆற்றிய சொற்பொழிவொன்றில், இயற்கை காட்டுவன ஆற்றலும் அறிவும் ஓரளவு நன்மையுமேயன்றி, நீதியும் இரக்கமும் அதன்கண் விளங்கா என்றார். 1870இல் அவர் எழுதிய 'உடன்பாட்டின் இலக்கணம்' (பெயர் கண்டு இலக்கண நூலென மயங்கற்க) மனச்சான்றையே முதன்மையாகக் கொள்கின்றது. அழகிற் பிழைத்தவன் வருந்தலாம். அறத்திற் பிழைத்தவனோ காண்பார் எவருமில்லாவிடத்தும் நாணுகின்றான், அஞ்சுகின்றான். நாணமும் அச்சமும் ஆள்நோக்கி எழுவன. விலங்கின் முன் நாணுவார் இலர். ஆகவே இவ்வுணர்வு கட்புலனாகாத ஒருவரைச் சுட்டும் என்பர் நியூமன்.

இது கருதலளவையோடு முற்றும் ஒவ்வாது. சிவஞானசித்தியார் அளவையிற் கூறும் தன்வேதனைக் காட்சியை இதற்கு அணுக்கமாக யாம் கருதுகின்றோம். தன் இன்பதுன்பங்களைத் தானே அறிதல் அது. அருணந்தியார் கடவுளுண்மை நிறுவ அதனைக் கொண்டாரல்லர். அறியப்படும் முறையொன்றே ஈண்டு ஒப்பு. பேலியின் தொடக்கம் எவர்க்கும் பொதுவான கடிகாரம். நியூமனின் தொடக்கம் அவரவர்க்கே வெளிப்படும் நோவு. எனவே முன்னது அவையில் வைத்து வாதிடற்குரியது. பின்னது கேட்போன் தன்னுள் நோக்கினாலன்றிப் பயன்தராது.

தடையும் உண்டு. 1923இல் சிக்மண்ட் பிராய்டு, தந்தையின் அதட்டலே மகனுள்ளத்துட் குடிபுகுந்து மனச்சான்றாகின்றது என்னும் கருத்தை விளக்கினார். எது நன்று என்னும் தீர்ப்பு வளர்ப்பினால் திரியக்கூடும் என்பதை நியூமனும் ஒப்புவர். நன்றென்று தோன்றியதைச் செய்க என்னும் ஏவலையே அவர் சான்றாகக் கொண்டார். அவ்வேவல் சிற்சில வேளை வளர்த்த தந்தைக்கு எதிராகவே எழுதலைப் பிராய்டின் விளக்கம் எளிதில் அடக்கிக் கொள்வதில்லை என்பது எம் கருத்து. எனினும் தடை முற்றும் நீங்கிற்று எனல் இயலாது. திருக்குறளின் 293ஆம் குறளும் எண்ணத்தக்கது. ஆங்கு அறிவதும் நெஞ்சே, பொய்த்தபின் சுடுவதும் நெஞ்சே. அதற்கு அப்பால் ஒருவர் சுட்டப்பட்டிலர். நோவு ஒன்றே, அதனினின்று நியூமன் எடுத்துவைக்கும் அடுத்த அடியை வள்ளுவர் அக்குறளில் வைத்திலர்.

சொல்லாராய்ச்சிக்கும் இங்கு இடமுண்டு. பவுல் ஆளும் கிரேக்கச் சொல்லும் அதன் இலத்தீன் வடிவமும் 'உடனறிதல்' என்னும் பொருளடியாகப் பிறந்தவை. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு 'மனச்சாட்சி' என்றது; 1995இன் பொது மொழிபெயர்ப்பு 'மனச்சான்று' என்றது. உரோமையர் 2:15இல் கிரேக்கத்தில் அச்சொல்லின் அருகே தனித்து நிற்கும் 'சாட்சியிடுதல்' என்னும் வினையின் பொருள், தமிழிற் பெயரினுள்ளேயே அமைந்துவிடுகின்றது. சான்று கூறுவோன் ஒருவன் உளனெனின், அதனைக் கேட்டிருப்போன் யார் என்னும் வினாவும் அச்சொல்லோடு உடன்வருகின்றது.