முதியோரும் ஆபா எண்ணும்

மறையூரிலோ கொழிஞ்சாம்பாறையிலோ வாழும் முதியோர், சிகிச்சைக்காக எல்லை தாண்டி உடுமலைக்கோ கோவைக்கோ செல்வதுண்டு. பழைய மருத்துவச் சீட்டுகளோ பெரும்பாலும் வீட்டிலேயே தங்கிவிடும். அந்நிலையில் 14 இலக்க ஆபா எண் கைகொடுக்கும். 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் தொடங்கப்பெற்ற ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தில் சேர்ந்த மருத்துவமனைகள் இவ்வெண்ணுடன் இணைத்த பதிவுகளை, முதியவர் ஒப்புதல் அளித்தால், பிற மாநில மருத்துவரும் காணலாம்.

ஆபா கணக்கினுள் நுழைவதற்கான ஓடிபி, பதிவு செய்த கைபேசிக்கே வரும். வெளியூரிலுள்ள மகனின் எண்ணைக் கொடுத்துவிட்டு மருத்துவமனையில் காத்து நிற்க நேரலாம். வங்கியிலும் இவ்விடரை அடிக்கடி காண்கிறோம். ஆகவே முதியவரின் கையிலுள்ள கைபேசி எண்ணையே பதிவு செய்ய வேண்டுகிறோம்.

ஆபா எண் காப்பீடு அன்று. சிகிச்சைச் செலவை அது ஏற்காது. 70 வயது நிறைந்தோர்க்கான ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை வேறு. அதற்குத் தனியே பதிவு செய்தல் வேண்டும். செல்லவிருக்கும் மருத்துவமனை அத்திட்டத்தில் உள்ளதா என்பதையும் முன்னரே கேட்டறிதல் நலம்.