382 படி ஏறினால்தான் ஊர்! இத்தாலியின் குட்டி கிராமம் கொர்னீலியா

ரயிலைவிட்டு இறங்கியதும் கண்ணெதிரே நீலக்கடல். ஊர் எங்கே என்று தேடினால் காணோம். அண்ணாந்து பார்த்தால்தான் தெரிகிறது, பாறை உச்சியில் மஞ்சளும் இளஞ்சிவப்புமாக ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகள். அதுதான் கொர்னீலியா.

இத்தாலியின் வடமேற்கே, லிகூரியா கடற்கரையில் வரிசையாக ஐந்து கிராமங்கள் இருக்கின்றன. மொத்தமாக ‘சிங்க்வே டெர்ரே’ என்று பெயர். ‘ஐந்து நிலங்கள்’ என்று அர்த்தம். 1997-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது இந்தப் பகுதி. ஐந்து ஊர்களில் நடுவில் இருக்கும் கொர்னீலியா, கடலிலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பயணிகள் படகு மற்ற நான்கு ஊர்களிலும் நிற்கும், இங்கே நிற்காது. ரயில் நிலையத்திலிருந்து ‘லார்டரீனா’ என்ற படிக்கட்டில் 382 படிகள் ஏற வேண்டும். மூட்டுவலிக்காரர்கள் கவலைப்பட வேண்டாம், மினி பஸ் உண்டு!

சிமென்ட் இல்லாத சுவர்

மேலே போனால் ஒற்றையடிச் சந்துகள், சின்னச் சதுக்கம், முனையில் கடலைப் பார்க்க ஒரு மேடை. திரும்பிப் பார்த்தால் மலை முழுக்க படிப்படியாகத் திராட்சைத் தோட்டங்கள். செங்குத்துச் சரிவை வெட்டி, கல்மேல் கல் அடுக்கி, நூற்றாண்டுகளாக மக்கள் உருவாக்கிய நிலம் இது. சுவரில் சிமென்ட், சுண்ணாம்பு எதுவும் கிடையாது. கல் இடுக்கு வழியாக மழைநீர் வடிந்துவிடும், மண் நிற்கும். விளையும் திராட்சையை உலர்த்தி ‘ஷக்கெட்ரா’ என்ற இனிப்பு ஒயின் செய்கிறார்கள்.

அழகுக்குப் பின்னால் ஒரு கவலையும் இருக்கிறது. இளைஞர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். தோட்டங்கள் பல காடாகிவிட்டன. விழுந்த கல்லை எடுத்து வைக்க ஆள் இல்லாவிட்டால், அடுத்த மழையில் சுவரோடு சேர்ந்து மண்ணும் இறங்கும். 2011 அக்டோபர் 25 அன்று கொட்டிய பெருமழையில், பக்கத்து ஊர்களான வெர்னாட்ஸாவும் மோன்டெரோசோவும் சேற்றில் மூழ்கின. உயிர்களும் போயின. அடுத்த ஆண்டே ‘காதல் பாதை’ எனப்படும் புகழ்பெற்ற நடைபாதையில் பாறை சரிந்து சுற்றுலாப் பயணிகள் காயமடைந்தார்கள். அந்தப் பாதை முழுமையாகத் திறக்க 2024 வரை ஆனது.

கோடையில் கூட்டம் அலைமோதும் இந்த ஊர்களுக்கு இப்போது தேவை, சுவரைக் கட்டத் தெரிந்த கைகள். மலைப்பாதைகளில் நடக்க வாங்கும் ‘சிங்க்வே டெர்ரே கார்டு’ கட்டணத்தில் ஒரு பங்கு பாதைப் பராமரிப்புக்குப் போகிறது.

போகிறவர்கள் கவனத்துக்கு...

* லா ஸ்பெட்ஸியாவிலிருந்து அடிக்கடி ரயில் உண்டு. கார் வேண்டாம், நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம்.
* ஜூலை, ஆகஸ்ட்டில் வெயிலும் கூட்டமும் அதிகம். மே அல்லது செப்டம்பர் நல்லது.
* மலைப்பாதையில் ரப்பர் செருப்புக்குத் தடை, அபராதம் விழும். ஷூ அவசியம்.
* மழை எச்சரிக்கை வந்தால் பாதையை மூடிவிடுவார்கள். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.
* சுவர்மேல் ஏறி செல்ஃபி எடுக்காதீர்கள். ஒரு கல் நகர்ந்தாலும் சுவர் பலம் இழக்கும்.

முடிந்தால் ஒரு இரவு தங்குங்கள். உள்ளூர் ஒயினோ தேனோ வாங்குங்கள். பகல் கூட்டம் கடைசி ரயில்களில் கிளம்பிய பிறகு, சதுக்கத்தில் ஊர்க்காரர்கள் உட்கார்ந்து பேசும் நேரம்தான் கொர்னீலியாவின் நிஜ முகம். அதைப் பார்க்க 382 படி ஏறலாம், தப்பில்லை!