அடிமுறையில் விலகல்

அடிமுறையில் விலகல் என்பது எதிராளியின் அடியைக் கையால் தாங்காமல், அது வரும் கோட்டிலிருந்து உடம்பை நகர்த்தி, அதே அசைவில் திருப்பி அடிக்கத் தோதான இடத்துக்கு வந்து சேர்வதாகும். ஓடி ஒதுங்குவது விலகல் அல்ல. விலகியவன் முன்பைவிட எதிராளிக்கு நெருக்கமாக நிற்பான். குத்துச்சண்டையிலும், குத்துச்சண்டை வீரர்கள் பாத்திரங்களாக வரும் வீடியோ கேம்களிலும் இதை ஒத்த அசைவுகள் உண்டு.

வழங்கும் பகுதி

அடிமுறை கன்னியாகுமரி மாவட்டத்திலும் அதை ஒட்டிய திருவனந்தபுரம் மாவட்டத் தென்பகுதியிலும் வழங்கும் சண்டைக் கலை. கேரளத்தில் இதைத் தெக்கன் களரி என்பர். 1956-ல் எல்லை பிரிக்கப்படும்வரை இரு பகுதிகளும் ஒரே நிர்வாகத்தின்கீழ் இருந்தன. அதனால் கலைச்சொற்களில் தமிழும் மலையாளமும் கலந்தே கிடக்கின்றன. பொதுவாக நாஞ்சில் நாட்டுக் கலை என்று சொல்லப்பட்டாலும், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நாஞ்சில் நாட்டு வட்டங்களோடு மேற்கே கல்குளம், விளவங்கோடு வட்டங்களிலும் ஆசான்மார் மரபு வேரூன்றியது. வடக்கன் களரியில் மெய்ப்பயிற்சி, ஆயுதம் ஆகியவற்றுக்குப் பிறகே வெறுங்கைச் சண்டை வரும். இங்கே தொடக்கத்திலேயே வெறுங்கைப் பயிற்சிதான்.

சுவடு

விலகலின் அடிப்படை கை அன்று, கால். மாணவர் முதலில் கற்பது சுவடு, அதாவது கால்வைப்பு. தனித்தனி அசைவுகளைக் கொண்டது ஒற்றைச்சுவடு. அவற்றைக் கோத்துச் செய்வது கூட்டச்சுவடு. நான்கு திசைக்கும் திரும்பித் திரும்பி ஒரே அடவைச் செய்யும் பயிற்சியும் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சலிப்பூட்டும். ஆனால் காலை எங்கே வைப்பது என்று யோசிக்காமலே உடம்பு திரும்புவதற்கு இந்தப் பழக்கம் தேவை. முழங்கால் மடங்கி, இடுப்பு தாழ்ந்து நிற்பவரால்தான் எந்தப் பக்கமும் சட்டென்று எடையை மாற்ற முடியும். விறைத்து நிற்பவர் நகர்வதற்கு முன் ஒருமுறை தாழ்ந்தாக வேண்டும். அடி படுவது அந்த நேரத்தில்தான்.

வர்மமும் விலகலும்

அடிமுறையில் விலகலுக்கு இவ்வளவு இடம் இருப்பதற்கு வர்மமே காரணம். வர்ம நூல்கள் உடம்பில் 108 வர்மங்களைக் கணக்கிடுகின்றன. அவற்றில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம். புருவ நடுவில் உள்ள திலர்த காலம் படுவர்மங்களில் ஒன்று. இத்தகைய இடங்களைக் குறிவைக்கும் சண்டையில், ஒன்றிரண்டு அடி வாங்கிக்கொண்டு திருப்பி அடிக்கலாம் என்ற கணக்கு செல்லாது. அதே சமயம், குறி சிறியது என்பதால் விலகலும் சிறிதாக இருந்தால் போதும். தோளை ஒரு சாண் திருப்பினாலே வர்மத்துக்கு வந்த அடி சதையில் வழுக்கிப் போய்விடும்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. வர்ம ஆசான் வைத்தியரும் ஆவார். அடிபட்டு விழுந்தவரை இளக்குமுறையால் எழுப்பவும் அவர் தெரிந்திருக்க வேண்டும். உயிரெடுக்கும் வர்மங்களை எல்லா மாணவருக்கும் அவர் சொல்லிக்கொடுப்பதில்லை. கன்னியாகுமரி மாவட்ட ஆசான்களிடையே ஆய்வு செய்த ரோமன் சீலர், இந்த மறைப்பு வர்ம மரபின் ஓர் இன்றியமையாத கூறு என்பதைத் தம் நூலில் விரிவாகப் பேசுகிறார். விலகலுக்கு அந்தத் தடை தேவைப்படவில்லை. அதை யாருக்கும் கற்பிக்கலாம். கோபத்தில் ஒருவர் அதைப் பயன்படுத்தினாலும் யாரும் சாகப்போவதில்லை.

குத்துச்சண்டையோடு ஒப்பீடு

குத்துச்சண்டையில் தலையைத் தாழ்த்திக் குத்தின் அடியில் நுழைவதை டக்கிங் என்பர். தலையைப் பக்கவாட்டில் சற்றே நகர்த்துவது ஸ்லிப். கையுறைச் சண்டைக்கு அடித்தளமிட்ட குயின்ஸ்பெரி விதிகள் 1867-ல் வெளியாயின. அந்த ஆட்டத்தில் உதைக்கவோ முழங்காலால் இடிக்கவோ அனுமதி இல்லை. அதனால்தான் அங்கே முகத்தைக் கீழே கொண்டுபோவது பாதுகாப்பாக இருக்கிறது. அடிமுறையில் அப்படிக் குனிந்தால் எதிராளியின் முழங்கால் முகத்துக்கு நேரே காத்திருக்கும். ஆகவே இங்கே தலை தனியாகக் குனிவதில்லை. உடம்பு மொத்தமாகத் தாழ்ந்து பக்கவாட்டில் சுழல்கிறது.

வீடியோ கேம்களில்

இந்த வேறுபாட்டைச் சண்டை விளையாட்டுகளில் தெளிவாகக் காணலாம். கேப்காம் நிறுவனம் 1997-ல் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3’ விளையாட்டில் டட்லி என்ற ஆங்கிலேயக் குத்துச்சண்டை வீரன் வருகிறான். அவனுடைய சிறப்பு அசைவுகளில் ஒன்றுக்கு டக்கிங் என்றே பெயர். மேலுடம்பைத் தாழ்த்தியபடி முன்னே பாய்வான்; தொடர்ந்து பொத்தானை அழுத்தினால் நேர்க்குத்தோ மேல்நோக்கிய குத்தோ விழும். விலகலும் தாக்குதலும் ஒரே அசைவின் இரு பாதிகளாக அமைந்திருப்பது அடிமுறைக்கு நெருக்கமானது. ஆனால் அவன் எதிராளிகள் குத்துச்சண்டை விதிக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். உதைப்பவர்களுக்கு முன் குனிந்து நுழைவது எப்போதும் ஒரு சூதாட்டம்தான்.

‘டெக்கன் 4’ விளையாட்டில் (2001) அறிமுகமான ஸ்டீவ் ஃபாக்ஸும் குத்துச்சண்டை வீரன். மற்ற பாத்திரங்களுக்கு உதையாக இருக்கும் பொத்தான்கள் இவனுக்குப் பெரும்பாலும் குனிவதாகவும் வளைவதாகவும் பின்சாய்வதாகவும் மாறியுள்ளன. காலின் வேலை அடிப்பதைவிட இடம் மாற்றுவது என்று ஆகிவிடுகிறது. சுவடு பயின்றவருக்கு இதில் வியப்பு இருக்காது.

இவ்வகை விளையாட்டுகள் நொடிக்கு 60 சட்டங்களில் ஓடுகின்றன. டெக்கனில் ஒரு விரைவான குத்து 10 சட்டங்களில் வந்துவிடும். அதாவது நொடியில் ஆறில் ஒரு பங்கு. கண்ணால் கண்டபின் மனிதர் செயல்பட ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். எனவே குத்தைப் பார்த்து விலக முடியாது. வருமுன் ஊகிக்கத்தான் வேண்டும். அடிமுறையிலும் இதுவே நிலை. எதிராளியின் முஷ்டியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் பிந்திவிடுவார். எடை எந்தக் காலுக்கு மாறுகிறது, எந்தத் தோள் பின்வாங்குகிறது என்பதைப் பார்ப்பவருக்கே நேரம் கிடைக்கும். களரி மரபில் உடம்பே கண்ணாவது என்றொரு சொல்வழக்கு உண்டு. பிலிப் சரில்லி களரிப்பயிற்றைப் பற்றிய தமது 1998-ஆம் ஆண்டு நூலுக்கு அதையே தலைப்பாக்கினார்.

இன்றைய நிலை

‘இந்தியன்’ (1996) வர்மத்தையும் ‘பட்டாஸ்’ (2020) அடிமுறையையும் திரைக்குக் கொண்டுவந்தன. திரையிலும் மேடையிலும் பார்வையாளரைக் கவர்வது அடிதான். விலகல் இருந்தாலும் அது முன்கூட்டியே பேசிவைத்துச் செய்யப்படுவதால் ஊகிக்கும் வேலை அதில் இல்லை. சுவட்டைத் தனியாகவும் பழகலாம், காணொளி பார்த்தும் ஓரளவு கற்கலாம். விலகலுக்கோ உண்மையிலேயே அடிக்க வருகிற ஓர் இணை வேண்டும். அடியை எங்கே நிறுத்துவது என்று அந்த இணைக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும். ஆசான் தாமே இணையாக நின்று அடிப்பது இதனால்தான்.