கடல் கொண்ட கலங்கள்

காஞ்சி மாநகருக்கு மேற்கே திருப்புட்குழி என்னும் ஊர் உள்ளது. வைணவர் போற்றும் 108 திருப்பதிகளுள் இதுவும் ஒன்று. சடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் ஆற்றிய இடம் இதுவே என்று தலவரலாறு கூறும். விசயராகவப் பெருமாள் கோயிலின் திருக்குளத்திற்குச் சடாயு தீர்த்தம் என்பதே பெயர். இராமாநுசர் இளமையில் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டதும் இவ்வூரில்தான் என்பர். வயலும் ஏரியும் சூழ்ந்த இவ்வூருக்குக் கடல் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அலையோசை இங்குக் கேட்பதில்லை. ஆயினும் காஞ்சி வட்டாரத்துத் தறிகளின் வாழ்வும் தாழ்வும் ஒருகாலத்தில் பாய்மரக் கப்பல்களோடு பிணைந்திருந்தன.

கடலுக்கும் காஞ்சிக்கும் உள்ள தொடர்பு மிகப் பழமையானது. மணிமேகலைக் காப்பியத்தைக் கற்றோர் இதனை அறிவர். அக்காப்பியத்தில் கடலில் கலம் உடைந்து துன்புற்றோரைக் காக்கும் தெய்வமாக மணிமேகலா தெய்வம் வருகிறது. ஆதிரையின் கணவனாகிய சாதுவன் பொருளீட்டக் கடல்வழிச் சென்றான், கலம் உடைந்தது, ஒடிந்த மரம் ஒன்றைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலையை அடைந்து உயிர் பிழைத்தான். அவன் இறந்தான் என்றே ஊரார் நம்பினர். மணிமேகலை தன் இறுதி நாட்களைக் கழித்த காஞ்சியிலே அக்கடல் தெய்வத்திற்குக் கோயில் எழுந்ததாகவும் அந்நூல் கூறுகிறது. கடலைக் காணாத நகரத்தில் கடற்காவல் தெய்வத்திற்குக் கோயில் அமைந்தது ஏன்? அந்நகரத்து வணிகரின் செல்வம் கடலின்மேல் மிதந்தது என்பதே தக்க விடையாகத் தோன்றுகிறது.

பல நூற்றாண்டுகள் கழிந்தன. 1639 ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் இடம் பெற்றனர். ஒல்லாந்தர் பழவேற்காட்டிலும், டேனியர் தரங்கம்பாடியிலும், பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியிலும் பண்டகசாலைகள் அமைத்தனர். இவர்கள் அனைவரும் இக்கரையில் பெரிதும் விரும்பி வாங்கிய சரக்கு பருத்தித் துணியே. இன்று பட்டுக்குப் பெயர்பெற்ற காஞ்சி வட்டாரம் அந்நாளில் பருத்தி நெசவிலும் சிறந்திருந்தது. வணிகர் நெசவாளருக்கு முன்பணம் கொடுப்பர்; நெசவாளர் அதனைக் கொண்டு நூல் வாங்கிப் பாவு ஓட்டி நெய்து தருவர். முன்பணத்திற்கு வேண்டிய வெள்ளியோ ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தது. அக்கப்பல் வந்து சேராவிடின் முன்பணம் இல்லை. முன்பணம் இல்லையேல் தறி ஓடாது. எங்கோ நடுக்கடலில் முழுகிய கலத்தின் இழப்பு இவ்வாறு உள்நாட்டுச் சிற்றூரின் அடுப்பங்கரை வரையில் வந்து சேர்ந்தது.

கலங்கள் நடுக்கடலில்தான் மிகுதியாக அழிந்தன என்று நாம் எண்ணக்கூடும். சோழமண்டலக் கரையைப் பொறுத்தவரை கரையோரமே பேரிடர் மிக்க இடமாக இருந்தது. இதற்குக் காரணம் அக்கரையின் அமைப்பு. பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினம் வரையில் பெரிய கப்பல்கள் புகுந்து ஒதுங்கத்தக்க ஆழமான இயற்கைத் துறைமுகம் ஒன்றேனும் இல்லை. ஆற்று முகங்களை மணல் அடைத்துக்கொள்ளும். ஆகவே சென்னைக்கு வந்த கப்பல்கள் கரையிலிருந்து ஒரு மைலுக்கும் அப்பால், திறந்த கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நின்றன. ஆட்களையும் சரக்கையும் கரை சேர்க்க மசூலாப் படகுகள் வந்தன. அப்படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பர். ஆணியடித்த படகு அலைமோதிய வேகத்தில் பிளந்துபோகும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். மசூலாப் படகின் அருகே கட்டுமரங்களும் செல்வதுண்டு. அலையில் படகு கவிழ்ந்தால் கட்டுமரக்காரர் பாய்ந்து மூழ்குவோரை மீட்பர். அவ்வாறு மீட்டவர்களுக்குப் பதக்கம் அளிக்கும் வழக்கமும் இருந்தது. பனையோலைக் குல்லாயினுள் கடிதங்களை நனையாமல் வைத்துக்கொண்டு கப்பலுக்கும் கரைக்குமிடையே சென்றவர்களும் இவர்களே. கடல் வாணிகத்தின் வரலாற்றை எழுதியோர் ஆளுநர்களுக்குக் கொடுத்த இடத்தில் பத்தில் ஒரு பங்கையேனும் இக்கட்டுமரக்காரருக்குக் கொடுத்திருக்கலாம்.

இனி, புயல் வீசும்போது அங்கு நிகழ்வது யாதென நோக்குவோம். பாய்மரக் கப்பல் காற்றின் துணையால் இயங்குவது. காற்று எத்திசையிலிருந்து வருகிறதோ அத்திசையை நோக்கி அது நேரே செல்லமாட்டாது. பாய்களைத் திருப்பி, மாறி மாறிச் சாய்வாகச் சென்றே சிறிது சிறிதாக முன்னேறும். கடுங்காற்றில் அதுவும் இயலாது. எனவே கீழ்த்திசையிலிருந்து கொண்டல் புயலாக வீசத் தொடங்கிவிட்டால், மேற்கே கரை; கிழக்கே காற்று. கப்பல் இரண்டிற்குமிடையே சிக்கிக்கொள்ளும். அப்போது அதற்குத் துணை சணல் வடத்தில் கட்டிய நங்கூரம் ஒன்றே. வடம் அறுந்தால் கப்பல் கரைமேல் எறியப்படும். காற்று பற்றும் பரப்பைக் குறைக்கப் பாய்மரங்களையே கோடரியால் வெட்டி வீழ்த்துவதும் உண்டு. இவற்றைக் காட்டிலும் சிறந்த வழி ஒன்றுதான்: புயலின் அறிகுறி தோன்றியவுடன், காற்று வலுப்பதற்கு முன்னரே, நங்கூரத்தை எடுத்தோ வடத்தை வெட்டி விட்டோ ஆழ்கடலுக்குச் சென்றுவிடுவது. கடலில் இடம் மிகுதி. அலை எவ்வளவு உயர்ந்தாலும் மோதுவதற்கு அங்கே தரை இல்லை. இந்த உண்மையை மாலுமிகள் நன்கு அறிந்திருந்தனர். அறிந்தும் பல கலங்கள் புறப்படாமல் நின்றதே இக்கரையின் பெருந்துயர்களுக்குக் காரணம். அத்தகைய மூன்று புயல்களை இங்குக் காண்போம்.

முதலாவது, 1746 ஆம் ஆண்டு அக்டோபரில் வீசியது. அவ்வாண்டு செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா பூர்தொனே சென்னையைக் கைப்பற்றினார். நகரத்தை மீட்புப்பணம் பெற்றுக்கொண்டு ஆங்கிலேயரிடம் திருப்பித் தருவதா, வைத்துக்கொள்வதா என்று அவருக்கும் புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேக்கும் வழக்கு மூண்டது. கடிதங்கள் போய் வந்தன, கைப்பற்றிய பண்டங்கள் கப்பல்களில் ஏற்றப்பட்டன, நாட்கள் கழிந்தன. வடகிழக்குப் பருவக்காற்றின் காலம் நெருங்கிவிட்டது. அக்டோபர் 13 ஆம் நாள் இரவு புயல் தாக்கியது. தூக் தோர்லெயான், பெனிக்சு, லீசு என்னும் கப்பல்கள் அழிந்தன. எஞ்சியவை பாய்மரங்களை இழந்து முடமாயின. மாண்டோர் ஏறத்தாழ 1200 பேர். அன்றிரவு கரையில் இருந்ததால் லா பூர்தொனே உயிர் தப்பினார். அவர் கட்டியெழுப்பிய கடற்படையின் வலிமை ஓரிரவில் ஒடிந்தது. (ஆங்கில நூல்களில் இப்புயலின் நாள் அக்டோபர் 2 என்று காணப்படும். அந்நாளில் ஆங்கிலேயர் பழைய நாட்காட்டியைப் பின்பற்றினர். அது பிரெஞ்சுக்காரரின் நாட்காட்டிக்கு 11 நாட்கள் பின்தங்கியிருந்தது.)

ஐப்பசிப் புயலுக்கு அஞ்சியோர் சித்திரைப் புயலை எதிர்பார்க்கவில்லை. 1749 ஆம் ஆண்டு ஏப்பிரல் நடுவில் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கடற்பகுதியில் இரண்டாம் புயல் வீசியது. இம்முறை இழந்தோர் ஆங்கிலேயர். கடற்படைத் தலைவர் பாசுகவனின் கொடிக்கப்பலும், 74 பீரங்கிகள் தாங்கியதுமான நாமூர் முழுகியது. அதில் 520 பேர் மடிந்தனர். பெம்புரோக் என்னும் போர்க்கப்பலும், நோயாளிகளை ஏற்றியிருந்த அப்பல்லோ என்னும் மருத்துவக் கப்பலும் உடன் அழிந்தன. பாசுகவனும் அன்று கரையிலேயே இருந்தார். தலைவர்கள் கரையில் இருக்க, மற்றவர் கடலில் மடிந்த இவ்வொற்றுமை எண்ணத்தக்கது.

மூன்றாவது புயலே நம் உள்ளத்தை மிகவும் உறுத்துவது. 1761 ஆம் ஆண்டின் முதல் நாள். ஆங்கிலேயர் புதுச்சேரியை நிலத்திலும் நீரிலும் முற்றுகையிட்டிருந்தனர். உள்ளே மக்கள் பட்டினியால் வாடினர். கடலை அடைத்து நின்ற கப்பல்கள் விலகினால் உள்ளே உணவு புகுந்துவிடும். அதனால் பருவக்காலம் முழுதும் அவை அகலாமல் நின்றன. அன்றிரவு காற்று முற்றியபோது, படைத்தலைவர் சுடீவன்சு தம் கொடிக்கப்பலாகிய நார்போக்கின் நங்கூர வடத்தை வெட்டி, ஆழ்கடல் நோக்கிச் சென்றார். பிற கப்பல்களும் அவ்வாறே செய்க என்று பீரங்கி முழக்கி அடையாளம் காட்டினார். புயலின் இரைச்சலில் அம்முழக்கம் எவர் செவியிலும் விழவில்லை. கட்டளையின்றி இடம் பெயர்தல் குற்றம் என்று கருதிய மற்றக் கப்பல்தலைவர்கள், வடங்கள் தாமே அறும்வரை நின்ற இடத்திலேயே நின்றனர். தூக் தாக்கித்தேன், சண்டர்லாந்து என்னும் பெருங்கலங்கள் முழுகின. நியூகாசில், குயீன்பரோ, புரொடெக்டர் என்பவை கரையில் மோதிச் சிதைந்தன. ஏறத்தாழ 1100 பேர் மடிந்தனர். மறுநாள் சிதைந்த மரங்களைப் பற்றி மிதந்த ஒருசிலரே மீட்கப்பட்டனர். ஆயினும் சில நாட்களுக்குள் எஞ்சிய கப்பல்கள் திரும்பி வந்து முற்றுகையைத் தொடர்ந்தன. அத்திங்களின் நடுவிலேயே புதுச்சேரி வீழ்ந்தது. கப்பல்களின் வரவையும் செலவையும் பல்லாண்டுகளாக நாட்குறிப்பில் எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை, புயலுக்குப்பின் 11 ஆம் நாள், ஊர் வீழ்வதற்குச் சிலநாள் முன்னர், மறைந்தார்.

அக்காலக் கம்பெனிக் கப்பல்களில் ஐரோப்பிய மாலுமிகளோடு இலசுகர் எனப்பட்ட இந்திய மாலுமிகளும் பணியாற்றினர். முழுகிய கலத்தின் பெயரையும் பீரங்கித் தொகையையும் வரலாறு தவறாமல் குறித்திருக்கிறது. அவர்களுடைய பெயர்களையோ அவ்வாறு குறிக்கவில்லை. சாதுவன் திரும்பி வந்தான். திரும்பி வாராதோரின் மனைவியர்க்குக் காப்பியம் இல்லை.

முழுகிய கலங்களுள் சில, பின்னாளில் கடலடியிலிருந்து தம் கதையைத் தாமே கூறியுள்ளன. பூம்புகாருக்கு அப்பால், ஏறத்தாழ 19 மீட்டர் ஆழத்தில், சிதைந்த கலம் ஒன்றைத் தேசியக் கடலாய்வு நிறுவனத்தினர் கண்டனர். அதில் ஈயப் பாளங்கள் கிடந்தன. அவற்றின்மேல் பிளாக்கெட் என்னும் பெயரும், 1791, 1792 என்னும் ஆண்டெண்களும் வார்க்கப்பட்டிருந்தன. இங்கிலாந்தில் உருக்கிய ஈயம் இவ்வளவு தொலைவு வந்து, பண்டைச் சோழர் துறைமுகத்தின் எதிரே அடைக்கலம் புகுந்தது.

இத்தகைய இழப்புகளிலிருந்தே கடலோர நாடுகள் சில நடைமுறைகளைக் கற்றுக்கொண்டன. சென்னைக் கோட்டையின் கொடிமரம் அக்டோபர் 15 அன்று இறக்கப்பட்டு, டிசம்பர் 15 அன்று மீண்டும் ஏற்றப்பட்டது. இடைப்பட்ட இரு திங்களிலும் கப்பல்கள் அங்கு நிற்கலாகாது என்பதே அதன் பொருள். ஏறத்தாழ அவை நம் ஐப்பசியும் கார்த்திகையும் ஆகும். கம்பெனியார் ஏட்டில் எழுதிய நாட்களை நம் உழவரும் பரதவரும் மாதப்பெயரிலேயே அறிந்திருந்தனர். 1796 ஆம் ஆண்டில் கோட்டைக் கட்டடத்தின் உச்சியில் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. செயற்கைத் துறைமுகப் பணி 1876 ஆம் ஆண்டில் தொடங்கியது. 1881 நவம்பரில் வந்த புயல் அதன் அலைதடுப்புச் சுவர்களைப் பெயர்த்தெறிந்தது, மீண்டும் கட்டவேண்டியதாயிற்று.

எனினும் கல்லைக் காட்டிலும் அறிவே மாலுமிக்கு மிகுதியாக உதவியது. கல்கத்தாவில் வாழ்ந்த என்றி பிடிங்டன் என்பார், புயலில் சிக்கிய கப்பல்களின் நாட்பதிவுகளைப் பொறுமையுடன் தொகுத்தார். எந்நேரத்தில் எக்கப்பல் எங்கே நின்றது, காற்று எத்திசையிலிருந்து வீசியது என்பவற்றை வரைபடத்தில் குறித்துப் பார்த்தார். வங்கக்கடற் புயல் நேர்கோட்டில் ஓடும் காற்றன்று; ஒரு மையத்தைச் சுற்றிச் சுழலும் காற்று என்பது தெளிவாயிற்று. 1848 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், சுருண்ட பாம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று சைக்ளோன் என்னும் பெயரை வழங்கினார். காற்றுச் சுழலும் திசை வரைந்த, ஒளி ஊடுருவும் கொம்புத் தகடுகளையும் அந்நூலோடு சேர்த்திருந்தார். நம் கடலில் காற்றை எதிர்நோக்கி நிற்பவனுக்குப் புயலின் மையம் வலப்புறத்தே இருக்கும். இந்த ஒரு விதியை அறிந்த மீகாமன், எத்திசையில் ஓடினால் புயலினின்று விலகலாம் என்பதைத் தானே கணித்தான். மடிந்த கலங்களின் குறிப்புகள் கடலோடு போயின; உயிர்பிழைத்தவை கொண்டுவந்த குறிப்புகளே பிடிங்டனுக்குக் கருவியாயின.

1865 ஆம் ஆண்டில் கல்கத்தாத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை ஏற்பட்டது. 1875 ஆம் ஆண்டில் இந்திய வானிலைத் துறை தோன்றியது. இன்று துறைமுகங்களில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டுகள் 1 முதல் 11 வரை எண் பெற்றுள்ளன. சுடீவன்சின் பீரங்கி சொல்ல இயலாததை, புயல் வருவதற்குப் பல நாழிகை முன்னரே இக்கூண்டு கூறிவிடுகிறது.

கப்பலை அழிக்கும் அதே கொண்டல்தான் காஞ்சி வட்டாரத்து ஏரிகளை நிரப்புவது. சென்னைத் துறைமுகத்தில் கூண்டு ஏற்றிய செய்தி வந்தால், திருப்புட்குழியில் உழவர் ஏரியின் கலங்கலைப் பார்க்கச் செல்வர். நெசவாளர் தெருவில் நீட்டிய பாவைச் சுருட்டி வீட்டினுள் எடுத்து வைப்பர்.